விட்டுப் பிடிக்கிறவன்

கயிற்றை ஒரு தரம் சுண்டினான். பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சுண்டினான். அதற்கும் இல்லை. கயிறு அவன் உள்ளங்கையில் கம்பி போல விறைத்து நின்றது.

ஒரு சுண்டு என்றால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். கீழே தண்ணீருக்குள் இருப்பவர் திருப்பி ஒரு சுண்டு சுண்டினால் 'நல்லா இருக்கேன்'. அவர் இரண்டு சுண்டினால் கயிறு விடு, மூன்று சுண்டினால் தொய்வை இழுத்துக்கொள், நான்கு சுண்டினால் என்னை மேலே தூக்கு. இந்தத் தொழிலில் பேச்சு என்பது இவ்வளவுதான். பேசுவதற்கு ஒரு தொலைபேசிப் பெட்டியும் இருந்தது. அது பழுதாகிப் பல மாதமாயிற்று. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. முங்குகிறவருக்கு அதில் வருத்தமே இல்லை. "ஃபோன்ல பொய் சொல்லலாம் மாப்ள, கயித்துல சொல்ல முடியாது" என்பார்.

முங்குகிறவருக்கு வேலையிடத்தில் ஆமை என்று பேர். எதற்கும் அவசரப்பட மாட்டார் என்பது ஒரு காரணம். வீட்டில் பெண்டாட்டி சத்தம் போட ஆரம்பித்தால் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார் என்பது இன்னொரு காரணம். அந்தப் பெண்டாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் கூடப் பிறந்த அக்கா. ஆக ஆமை அவனுக்கு மச்சான். இவனை எல்லோரும் கயிற்றுக்காரன் என்பார்கள். இவன் இந்த வேலைக்கு வந்ததே அக்காவால்தான். வேலையில்லாமல் திரிந்த தம்பியைக் கூப்பிட்டு, "அவரைத் தண்ணில விட்டுத்தான் ஆகணும்னா உன் கையிலதான் விடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் அன்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவனுக்கு அந்தச் சிரிப்பு மறந்துவிட்டது, சொன்னது மட்டும் மறக்கவில்லை.

ஊருக்கே தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் கிணறு அது. கிணறு என்றால் வாளி விட்டு இறைக்கிற கிணறு அல்ல. ஒரு வீட்டை அப்படியே உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு அகலமான சிமெண்டுக் குழி. ஏரியிலிருந்து ஒரு சுரங்கக் குழாய் வழியாக அடியில் தண்ணீர் வந்து விழும். அந்தக் குழாய்க்குள் சற்றுத் தள்ளி இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. பாசி, பிளாஸ்டிக் தாள், மரக்கிளை எல்லாம் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். பம்புகளை நிறுத்திவிட்டு ஆள் இறங்கி, தடுப்பின் ஓரத்துச் சந்து வழியாக அந்தப் பக்கம் போய்க் கையால்தான் எடுக்க வேண்டும். கீழே இருட்டு. விளக்கு கொண்டுபோனாலும் கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் முழங்கைக்கு மேல் போகாது. காற்று மேலிருந்து குழாயில் போகும். காற்றுக் குழாயும் கயிறும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும்.

மூச்சுக் குமிழி மேலே வந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை. ஆனால் சுரங்கக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் தலைக்கு மேல் சிமெண்டுக் கூரை. குமிழியெல்லாம் அங்கேயே தங்கிவிடும், வெளியே தெரியாது. அதற்கப்புறம் உள்ளே போனவரைப் பற்றிய சேதி கயிறு ஒன்றில்தான். ஆமை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன, பதில் வந்துச்சா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். கேட்டுக்கொண்டே காதில் வைத்திருந்த ஃபோனில் யாருக்கோ, இதோ முடிஞ்சிடும் சார் என்றார். காலையிலிருந்து அவரை மேலிடம் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. மேல்நிலைத் தொட்டிகள் காலியாகிக்கொண்டு வருகின்றன, பம்பை எப்போது போடுவீர்கள் என்று. கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அவசரத்துக்கு இறங்க வேண்டிய இரண்டாவது முங்குகிறவனை வேறொரு கிணற்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது அவர் இல்லை என்றாலும், தடுக்காதது அவர்தான்.

கயிற்றுக்காரன் தலையை மட்டும் ஆட்டினான். வரவில்லை. அவன் உதடுகள் மட்டும் வெறுமனே, தம்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன.

அது பழைய பழக்கம். கயிற்றைப் பிடித்து நிற்கும்போது இறைவனின் பேர்களை வரிசையாக முணுமுணுப்பான். தொண்ணூற்றொன்பதும் சின்ன வயதிலேயே மனப்பாடம். அக்காவும் அப்படித்தான். மச்சான் தண்ணீரில் இறங்குகிற நாளெல்லாம் காலைத் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்துவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போவாள். ஆமைக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஏதோ வேணும்னுதானே கூப்பிடுவ. அவனை ஒரே மூச்சுல அத்தனை தடவை கூப்பிடுற. அவன் திரும்பிப் பார்த்து என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அவள் கோபித்துக்கொண்டாள். இரண்டு வேளை அவரோடு பேசவில்லை. மூன்றாவது வேளை தம்பிக்கு ஃபோன் போட்டு, "அந்த மனுசன் கேட்டது சரிதான்டா" என்றாள். அப்படித்தான் அக்காவும் தம்பியும் அர்த்தம் படிக்க ஆரம்பித்தார்கள். அவள் பெரியவர்களின் உரைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவாள். காலையில் இவன் மச்சானைக் கூட்டிப்போக வரும்போது சமையலறை வாசலில் நின்று ஒரு பேரைச் சொல்லி அர்த்தமும் சொல்லுவாள். அவள் போட்ட நிபந்தனைதான் கஷ்டம். அர்த்தம் தெரிந்தால் போதாது, அந்தப் பேரை அன்றைக்கு வேலைக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள்.

செவியுறுபவன் என்ற பேரோடு போன நாளில் காற்று இயந்திரத்தின் சத்தத்தில் ஒரு பிசிறு கேட்டது. நிறுத்திப் பார்த்தால் பெல்ட் நைந்து போயிருந்தது. அன்று முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மன்னிப்பவன் என்ற பேர் வந்த நாளில் பார்த்துத்தானா சூப்பர்வைசர் ஏணியை எங்கோ வைத்து மறந்துவிட்டு இவன்மேல் பழி போட வேண்டும்? இந்தப் பேரை வேறு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். அவள் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இரைப்பே வந்துவிட்டது.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, உண்மையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு அதுவரை இறைவன் எங்கோ உயரத்தில் இருக்கிற மேலதிகாரி. மனு போடலாம், பதில் வந்தால் வரும். இப்போது ஒவ்வொரு பேராகக் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நிற்கிறான், கேட்கிறான், பார்க்கிறான் என்று தோன்ற ஆரம்பித்தது. வேலை முடிந்து கயிற்றைச் சுருட்டும்போது சில நாள் காரணமில்லாமல் மனம் நிறைந்துவிடும். யாரிடமும் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

இன்று காலைதான் அது முறிந்தது. அக்கா சொன்ன பேர் காபிழ். இறுக்கிப் பிடிக்கிறவன், சுருக்குகிறவன் என்று அர்த்தம்.

அவன் முகம் மாறிவிட்டது. காரணம் அக்காவேதான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு மூச்சிரைப்பு. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் வரும். தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொட, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருப்பாள். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, இழு, இழு, நல்லா மூச்ச இழு என்று அழுவாள். இவன் கதவோரத்தில் நின்று தன் மூச்சையும் பிடித்துக்கொள்வான், தான் விடுகிற மூச்சு அவள் பங்கைக் குறைத்துவிடுமோ என்று. கல்யாணப் பேச்சு வந்தபோது, மூச்சு முட்டுகிறவளுக்கு மூச்சை அடக்குகிறவன் மாப்பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

"இந்தப் பேர் வேணாம்க்கா" என்றான். "உன் நெஞ்சைப் பிடிச்சது அவன்தான்னா, நான் அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்."

அடுத்து வருகிற பேரை எடுத்துக்கொள்கிறேன் என்றான். அது பாஸித். விரிக்கிறவன், தளர்த்திவிடுகிறவன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். ரெண்டையும் பிரித்துச் சொல்லக் கூடாது, சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவன் கேட்கவில்லை. குரல் ஏறியது. உனக்குப் பட்டது போதாதா, பட்டவளே வக்காலத்து வாங்குகிறாயா என்று கத்திவிட்டான். ஆமை கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அக்கா கத்தவில்லை. அவள் சொன்னது இதுதான்: "அம்மா இழு இழுன்னு சொல்லும்ல, அதுதான்டா தப்பு. எனக்கு மூச்சு உள்ள போகாததால முட்டல. உள்ள இருக்குறத விட முடியாமதான் முட்டும். பயத்துல மேல மேல இழுப்பேன், இன்னும் இறுகும். மொதல்ல விடணும். விட்டாத்தான் இழுக்க முடியும். அது எனக்குப் புரிய முப்பது வருசம் ஆச்சு."

அவன் செருப்பை மாட்டினான். வழியெல்லாம் வாயில் ஒரு பேரும் வரவில்லை. கிட்டத்தில் வந்த இறைவனை அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தூரத்திலேயே இருந்திருக்கலாம். கிணற்றின் விளிம்பில் முகமூடியை மாட்டுவதற்கு முன் ஆமை கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற மாப்ள. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? விட்டுப் பிடி."

அவன் விட்டுப் பிடிக்கவில்லை. மனம் சரியில்லாத நாளில் கைக்குத் தெரிந்தது பிடிப்பது ஒன்றுதான். அவர் ஒரு அடி போனால் அரை அடி கொடுத்தான்.

"ஏம்ப்பா, மரம் மாதிரி நிக்கிற, இழுப்பா" என்றார் சூப்பர்வைசர். ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை. இரண்டாவது முங்குகிறவனுக்குச் சொல்லியாகிவிட்டது, அவன் வண்டியில் வந்துகொண்டிருக்கிறான், ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது, ஆள் மயங்கிக் கிடந்தால் இழுத்துப் போட்டால்தான் பிழைப்பான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மயங்கியிருந்தால் இழுப்பது ஒன்றுதான் வழி.

கயிற்றுக்காரன் இழுத்தான். கயிறு ஒரு விரல்கடை வந்து நின்றுவிட்டது. ஆள் கனம் அவனுக்குத் தெரியும். மயங்கிய ஆளாக இருந்தாலும் தண்ணீரில் கனம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து கொடுக்கும். இது அசையவில்லை. கயிறு மனிதனைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கோ தடுப்புக் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இரும்புக்கு அப்பால்தான் மச்சான் இருக்கிறார்.

இரும்பின் விளிம்பில் கயிறு அழுந்தினால் கூடவே கட்டியிருக்கும் காற்றுக் குழாயும் அழுந்தும். பக்கத்தில் காற்று இயந்திரத்தின் ஓசை மாறியிருந்தது. கொஞ்சம் திணறி, கொஞ்சம் தடித்து. அல்லது அவனுக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கீழிருந்து வருகிற சுண்டு கைக்கு வராது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மச்சான் அங்கே இரண்டு இரண்டாகச் சுண்டிக்கொண்டேகூட இருக்கலாம். கயிறு விடு, கயிறு விடு என்று. மேலே நிற்பவனோ அவரை இழுத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அவர் நினைவோடு இருந்தால் விட வேண்டும். மயங்கியிருந்தால் இழுக்க வேண்டும். இரண்டில் எது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மதியத் தொழுகை முடிந்ததும் அக்கா கூப்பிடுவாள். அவர் ஏறிட்டாரா என்று ஒரே ஒரு கேள்வி. எடுப்பதற்கு ஒரு கை வேண்டும், ஒரு கையும் சும்மா இல்லை. ஃபோன் நெஞ்சின்மேல் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"நானும் பிடிக்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து இழுப்போம்" என்று சூப்பர்வைசர் கயிற்றில் கையை வைத்தார். "இழுப்பா, இழு, இழு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கயிற்றுக்காரனுக்குக் கதவோரமும் தலையணையும் நீல உதடும் கண்முன் வந்து நின்றன. முதுகைத் தடவிக்கொண்டு அழுகிற அம்மா. அன்பில்தான் சொன்னாள். அத்தனை வருஷமும் அன்பில்தான் தப்பாகச் சொன்னாள்.

"கையை எடுங்க சார்" என்றான்.

அவர் எடுக்கவில்லை. அவன் தோளால் அவரை இடித்துத் தள்ளினான். வேலை போகும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் விழுந்து எழுந்து ஏதோ சொன்னார். நீ அவரைக் கொல்லப் போற என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இவனும் அதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

விடு என்று மனம் சொன்னதும் கை விடவில்லை. விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அத்தனை வருஷமாகப் பிடிப்பதற்கென்றே பழக்கிய விரல்கள். அக்கா நம்பிக் கொடுத்த ஆளைக் கையில் வைத்திருக்கிறவன் எப்படி விடுவான்? காலையில் மாட்டேன் என்று வந்த பேர் அப்போது வாயில் வந்தது. அவன் கூப்பிட்டு வரவில்லை, தானாக வந்தது. காபிழ். இறுக்கிப் பிடிக்கிறவனே. சொன்னபோது நெஞ்சு இரண்டாகப் பிளப்பது போல வலித்தது. இவன் பிடியில் ஒன்றும் இல்லை, இவன் பிடித்திருப்பது வெறும் கயிறு, மச்சானை வேறொருவன் பிடித்திருக்கிறான் என்பது அந்த வலியோடு தெரிந்தது. அந்தப் பிடி இல்லாமல் இவனால் விட முடியாது. அடுத்த பேர் பாஸித்தும் அதன் பின்னாலேயே வந்தது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை.

விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. ஒரு முழம் கொடுத்தான். இன்னொரு முழம். விறைத்து நின்ற கயிறு தளர்ந்து, கிணற்றின் விளிம்பிலிருந்து வளைந்து, தண்ணீரின்மேல் தொய்ந்து கிடந்தது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று இயந்திரம் ஓடியது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. தொய்ந்த கயிற்றின்மேல் ஒரு தும்பி வந்து உட்கார்ந்து, பிடிக்காமல் பறந்து போயிற்று. அவன் கயிற்றை இரண்டு விரல்களுக்கு நடுவே, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி இழுக்கலாமா? இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா? தப்புச் செய்துவிட்டோமா? அக்காவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அவன் அழுதுகொண்டிருந்தான், அது அவனுக்குத் தெரியவில்லை.

தொய்வு மெல்லக் குறைய ஆரம்பித்தது. தண்ணீரின்மேல் கிடந்த வளைவு நேராகி, கயிறு உள்ளே இறங்கியது. ஆள் எடுக்கிறாரா, கயிறு தன் கனத்தில் தானே இறங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் கயிற்றையே பார்த்தார்கள். கயிறு நின்றது.

பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு சுண்டு.

அவன் அசையவில்லை. தன் நாடித் துடிப்பாக இருக்கலாம் என்று நினைத்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாதவன் போல வாயைத் திறந்தபடி நின்றான். சூப்பர்வைசர்தான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் திருப்பி ஒரு சுண்டு சுண்டினான். அந்த அவசரத்தில் அது எத்தனை சுண்டாகப் போய்ச் சேர்ந்ததோ.

கீழிருந்து பதில் வந்தது. ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். நான்கு வரும், தூக்கு என்பார் என்று காத்திருந்தான், வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நிதானமாக, ஆமைக்கே உரிய நிதானத்தில், ஒன்று, இரண்டு. இன்னும் விடு.

சட்டைப் பையில் ஃபோன் மறுபடி அதிர ஆரம்பித்தது. அவன் அதை அதிர விட்டுவிட்டு, கை இரண்டையும் முன்னால் நீட்டினான். விரிந்த உள்ளங்கையின்மேல் கயிறு ஊர்ந்து ஊர்ந்து இருட்டுத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.